ராணிப் பட்டமும் வாழாவெட்டிப் பட்டமும்

பேட்டையிலும் சுற்றுக் கிராமங்களிலும் கோயில் கொடைக்கு ஸ்பெஷல் நாடகம் வைத்துவிட்டால், பாயை விரித்துக்கொண்டு விடிய விடிய 'வள்ளி திருமணம்' பார்ப்பவர்களுக்குக் குறைவில்லை. வள்ளியாக வருகிறவளின் பாட்டுக்குத் தலையாட்டாதவரும் இல்லை. ஆனால் அப்படித் தலையாட்டியவர் வீட்டிலேயே ஒரு பெண் நானும் நடிக்கப் போகிறேன் என்று வாயெடுத்தால், குடும்ப மானமே கப்பலேறிவிட்டதாகக் கூச்சல் கிளம்பும். கைதட்டுவதற்கு அயலான் வீட்டுப் பெண் வேண்டும், தன் வீட்டுப் பெண் கூடாது என்பது என்ன யோக்கியதை என்று கேட்கிறோம்.

இது புது வியாதியன்று. பழைய திருநெல்வேலி ஜில்லாவில் 1867ல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், 1918ல் மதுரையில் ஏற்படுத்திய நாடக சபையில் பெண் வேஷத்தையும் பையன்களே கட்டினார்கள். ஆண் பிள்ளை சேலை கட்டினால் கலை, பெண் பிள்ளை மேடையேறினால் கூத்தாடி!

இந்த வசவுக்கு நடுவில் வந்தவர்தான் டி. பி. ராஜலட்சுமி. 1911ல் திருவையாற்றில் பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர். பார்ப்பனப் பெண் என்பதற்காகச் சாஸ்திரம் அவரையும் விட்டுவிடவில்லை. பால்மணம் மாறாத வயதில் தாலி. பிறகு வாழாவெட்டி என்ற பெயரோடு பிறந்தகம். தகப்பனாரும் இறந்துபோனார். தாயும் மகளும் திருச்சிக்கு வந்தார்கள். அங்கே சாமண்ணா கம்பெனியில் சேர்ந்து, தம் தொண்டையை நம்பிப் பிழைத்தார்.

1931 அக்டோபர் 31ல் முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' வெளிவந்தது. இவரே கதாநாயகி. இவர் தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்ன படம் அது! படச்சுருள் பெட்டி சென்னைக்கு வந்தபோது தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டி ஊர்வலம் விட்டார்களாம். தகரப் பெட்டிக்கும் தேங்காய் உடைக்கிற நாடு இது; நிற்க. படத்தின் கதை என்னவெனில், ஒரு ராஜகுமாரியை ஏமாற்றி ஓர் இடையனுக்குக் கட்டிவைக்கிறார்கள். காளி வந்து அவனைக் கவியாக்கி எல்லாவற்றையும் சரிசெய்துவிடுகிறாள். அந்த ராஜகுமாரியாக நடித்த பெண்ணின் சொந்தக் கல்யாணத்தைச் சரிசெய்ய எந்தக் காளியும் வரவில்லை. அதைத் தாமே சரிசெய்துகொண்டார். தம்மோடு நடித்த டி. வி. சுந்தரத்தை விரும்பி மணந்தார். 1936ல் தாம் எழுதிய நாவலையே 'மிஸ் கமலா' என்று படமாக எடுத்து, டைரக்ஷனும் செய்தார். தமிழில் அதற்கு முன் எந்த ஸ்திரீயும் செய்யாத காரியம். 'சினிமா ராணி' என்று ஜனங்கள் பட்டம் கொடுத்தார்கள். 1964ல் காலமானார். 'காளிதாஸ்' படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று பார்க்கக் கிடைப்பதில்லை.

பெண்ணுக்கு 14 வயதாவது ஆகவேண்டும் என்ற சாரதா சட்டம் 1930 ஏப்ரலில்தான் அமலுக்கு வந்தது. அதற்குள் ராஜலட்சுமியின் கழுத்தில் தாலி ஏறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அந்தச் சட்டத்தால் சாஸ்திரத்துக்கு ஆபத்து என்று அலறிய கூட்டத்தாரின் சந்ததிகளும் இன்று 'எங்கள் முதல் கதாநாயகி' என்று மார்தட்டுகிறார்கள். தட்டட்டும், நமக்கு ஆட்சேபணையில்லை. தட்டும்போது அந்த முதல் தாலியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்கிறோம்.