கேட்டைத் திறப்பதற்கு முன்



வெயில் தாழ்ந்ததும் புந்தோங்கிலும் செமோரிலும் சுங்கை சிப்புட்டிலும் தாமான் வீடுகளின் கேட் ஒவ்வொன்றாகத் திறக்கும். "போயிட்டு வாடா" என்று நாயை வெளியே அனுப்புவோம். அது தெருவை ஒரு வலம் வந்து, யார் வீட்டு வாசலிலோ வேலையை முடித்துக்கொண்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடும். வந்ததும் தட்டில் சோறு, மேலே மதியக் குழம்பு. நம்மில் பல பேர் வீட்டில் நாய் வளர்ப்பு என்றால் இதுதானே?

இந்த இரண்டு பழக்கமும் தோட்டத்திலிருந்து நம்மோடு வந்தவை. லயத்து நாய்க்குக் கயிறு கிடையாது. விடியுமுன் பெரட்டுக்குக் கிளம்பும்போதே பின்னால் ஓடி வரும். வெட்டு முடியும்வரை பால்மரத்தடியில் படுத்துக்கிடக்கும். பாம்போ காட்டுப்பன்றியோ வந்தால் முதல் குரல் அதனுடையதுதான். மண் சாலையில் லோரி வருவதே அபூர்வம். வீட்டில் மிஞ்சியது கிடைக்கும். போதாததற்கு எலியைப் பிடித்துத் தின்றுகொள்ளும்.

"அந்தக் காலத்து நாய்க்கு என்ன குறை?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். அவர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்லிவிடுகிறேன்: குறை நிறையவே இருந்தது. ஓர் ஈற்றில் போட்ட குட்டிகளில் எத்தனை பிழைத்தன? பத்து வயதைப் பார்த்த லயத்து நாய் எத்தனை? ஒன்று போனால் அடுத்தது வந்துவிடும், அதனால் யாரும் கணக்கு வைக்கவில்லை. நன்றாக வாழ்ந்த நாய் மட்டும் நினைவில் தங்கிவிட்டது.

சரி, அது போகட்டும். இப்போது ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. நாமும் தாமானுக்கு வந்துவிட்டோம். நாய்க்கு மட்டும் இன்னும் தோட்டத்துச் சட்டம்!

கேட்டுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முதலில் காரும் மோட்டார் சைக்கிளும். குறுக்கே பாயும் நாயால் மோட்டாரோட்டி விழுந்தால், அடிபடுவது நாய் மட்டுமல்ல. வேலை முடிந்து வீடு திரும்பும் யாரோ ஒருவர் பெற்ற பிள்ளையும்தான். அடுத்தது பக்கத்து வீடு. நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் முறைப்படி கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது முஸ்லிம் அண்டை வீட்டாரின் மார்க்கம். ஹரி ராயாவுக்கு ரெண்டாங்கும் தீபாவளிக்கு முறுக்கும் மாற்றிக்கொள்ளும் உறவை, அவிழ்த்துவிட்ட ஒரு நாயால் கெடுத்துக்கொள்வானேன்? நாய் பிடிக்க வரும் லோரியும் இருக்கிறது. லைசென்ஸ் பட்டை இல்லாத நாய் அதற்குத் தெருநாய்தான். உங்கள் வீட்டில் அதற்கு என்ன செல்லப் பெயர் என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.

பழைய தோட்டப் பக்கம் வீடு இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். செம்பனைக் காட்டில் எலிக்கு விஷக்கட்டி வைப்பார்கள். அதையோ, அதைத் தின்று செத்த எலியையோ நாய் தின்றால் ரத்தம் உறையும் சக்தி போய்விடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்துச் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் வரும். இதற்கு மாற்று மருந்து வைட்டமின் கே. நேரத்தோடு கால்நடை மருத்துவரிடம் போனால் காப்பாற்றலாம். பராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் புல்லுக்கு மருந்து அடிப்பது நிற்கவில்லை. மருந்து பட்ட புல்லில் நடந்த நாய், வீட்டுக்கு வந்து பாதத்தை நக்கும். மழை இரவில் தேரையைக் கவ்வினாலும் ஆபத்து: வாயில் நுரை தள்ளும், வலிப்பும் வரலாம். உடனே வாயைத் தண்ணீரால் கழுவிவிட்டுக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

உண்ணியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் ஒட்டிக்கொண்டு, ரத்தத்தைக் குடிப்பதோடு உண்ணிக் காய்ச்சலையும் கொடுத்துவிடும். நாய் சாப்பாட்டை வெறுத்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். இதயப்புழு கொசுவால் வருகிறது. கொசு இல்லாத வீடு பேராக்கில் எங்கே இருக்கிறது? இரண்டுக்கும் தடுப்பு மருந்து உண்டு, மருத்துவரைக் கேளுங்கள். சொறிக்கும் உண்ணிக்கும் வர்க்‌ஷாப்பிலிருந்து கறுப்பு எண்ணெய் வாங்கித் தடவுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நக்கினால் அது வயிற்றுக்குள் போகும் விஷம். காய்ச்சல் என்று நமக்கு வாங்கிய பனடோலை நாய்க்குக் கொடுப்பதும் அதே ரகம்தான்.

வெறிநாய்க்கடி நோய் நம் ஊரில் இல்லையே என்பீர்கள். 2015-இல் அது பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் தலைகாட்டியது. கெடாவும் பினாங்கும் பேராக்கின் எல்லை மாநிலங்கள். சரவாக்கில் 2017 முதல் மனித உயிர்களையே வாங்கிக்கொண்டிருக்கிறது. கால்நடை ஆராய்ச்சிக் கழகம் 1948 முதல் நம் ஈப்போவில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு குட்டிக்குத் தடுப்பூசி போடாமல் விடலாமா? பார்வோ போன்ற நோய்களுக்கான முதல் ஊசி ஆறிலிருந்து எட்டு வாரத்தில் போட வேண்டும். பிறகு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை. அதுவரை குட்டியைத் தெருவில் இறக்காதீர்கள்.

"அப்போ இருபத்து நாலு மணி நேரமும் கட்டியே போடச் சொல்றீங்களா?" இல்லை. தகரக் கூரைக்குக் கீழே, சுடுகிற சிமெண்டில், குட்டைச் சங்கிலியில் கிடப்பது அதைவிடக் கொடுமை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். கேட்டை மூடி, காம்பவுண்டுக்குள் அவிழ்த்துவிடுங்கள். நிழலும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். காலையிலும் சாயங்காலமும் கயிற்றோடு நடை. தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள், ஐந்து விநாடி தாங்கவில்லையா? நாயின் பாதமும் தாங்காது. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி விலங்கைக் கொடுமைப்படுத்தினால் ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டும் சேர்த்தோ கிடைக்கலாம்.

இனி, தட்டுக்கு வருவோம். குழம்புச் சோறு தின்று வளர்ந்த நாய் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைப்பவை, வெந்தாலும் அதே கதைதான். நம் குழம்பில் எது இல்லாவிட்டாலும் அவை இரண்டும் இல்லாமல் இருக்குமா? கூடவே உப்பு, எண்ணெய், மிளகாய். சமைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். சாக்லேட், திராட்சை, கிஸ்மிஸ் ஆகவே ஆகாது. பாயசத்து முந்திரியைவிட அதில் மிதக்கும் கிஸ்மிஸ்தான் பயப்பட வேண்டியது. டுரியான் சீசனில் கொட்டையை முழுங்கிவிட்டால் குடலில் அடைத்துக்கொள்ளும்.

அளவும் முக்கியம். பத்துக் கிலோ எடையுள்ள, குட்டி போடாதபடி ஆப்பரேஷன் செய்த நாய்க்கு நாளைக்குச் சுமார் 600 கலோரி போதும். ஒரு கப் சோறே 200 கலோரி. இரண்டு வேளை தட்டு நிறையச் சோறு போட்டால் வயிறு ரொம்பும், உடம்பு ஊதும், சத்து சேராது. "முழுமையான உணவு" என்று பையில் போட்டிருக்கும் உலர் உணவையே அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். வீட்டுச் சாப்பாடும் கொடுக்க ஆசையா? தாளிப்பதற்கு முன்பே ஒரு பிடி கோழிக்கறியையோ முள் நீக்கிய மீனையோ தனியாக வேகவைத்து எடுத்துவையுங்கள். கொஞ்சம் பூசணிக்காய், கொஞ்சம் சோறு, அவ்வளவுதான். வெறும் சோறும் கறியும் மட்டும் கொடுத்தால் கால்சியம் போதாது. எனவே, முழுக்க வீட்டுச் சாப்பாடு என்றால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். தினமும் பையைத் திறக்க வசதி இல்லாத வீடுகள் இருக்கின்றன, தெரியும். அப்படியென்றால் பாதி உலர் உணவு, பாதி வேகவைத்தது என்று தொடங்கலாம். குழம்பை நிறுத்தக் காசு செலவில்லை.

ஒரே ஒரு வேலையை மட்டும் இந்த வாரமே செய்துவிடுங்கள். பாசாருக்குப் போகும்போது ஒரு கழுத்துப் பெல்ட்டும் உறுதியான கயிறும் வாங்குங்கள். பெல்ட்டில் அழியாத மையால் உங்கள் கைப்பேசி எண்ணை எழுதிவிடுங்கள். தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடும் நாய்கள் நிறைய. கண்டெடுப்பவர் உங்களைக் கூப்பிட, அந்த எண் இருந்தால்தான் முடியும்.

அன்புடன்,
ஆசிரியர்