நானோன்னு போட்டா போதுமா?

டிஸ்கி: அடியேன் பி.காம்., பேங்க் ஆசாமி. டாக்டர் இல்லை.

மாதவிடாய் நிற்கிற வயதில் பெண்களுக்கு வரும் உடம்புச் சூடு, ராத்திரி வியர்வை, தூக்கமின்மை... நம் வீடுகளில் இதை வாய்விட்டுச் சொல்வதே இல்லை. இந்தியாவில் இது சராசரியாக 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. இதற்கு ஈஸ்ட்ரோஜன் சிகிச்சை உண்டு. மாத்திரையாக விழுங்கினால் முதலில் கல்லீரலுக்குப் போய், பெரும்பகுதி அங்கேயே கழிந்துவிடும் (டி.டி.எஸ். போக மிச்சம் மாதிரி!). கூடவே ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களையும் அங்கே கிளப்பிவிடும். தோல் வழியாகப் போனால் இந்தச் சுற்று இல்லை. பிரான்ஸில் நடந்து 2003ல் வெளியான எஸ்தர் ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களுக்கு ரத்தக்கட்டி அபாயம் கூடியிருந்தது. தோல் வழி எடுத்தவர்களுக்குக் கூடவில்லை.

ஆகவே தோல் வழி நல்லதுதான். என் சண்டை அதில் இல்லை. நானோ, லிப்போசோம் என்று காட்டும் படத்தில்தான்.

தோலின் மேலடுக்கு, செங்கல் அடுக்கி இடையில் கொழுப்பைப் பூசின சுவர் மாதிரி. மருந்தைப் பொடிப்பொடியான கொழுப்பு உருண்டைகளில் ஏற்றி அனுப்பினால் அந்தப் பூச்சோடு கலந்து உள்ளே போகும் என்பது கணக்கு. நல்ல ஐடியாதான். ஆனால் சிகிச்சைக்குத் தரும் எஸ்ட்ரடையால் எடை வெறும் 272 டால்டன். 500க்குள் இருந்து கொழுப்பிலும் கரைந்தால் தோல் ஓரளவு வழிவிடும் என்பது பொதுவிதி. ஒட்டும் பட்டை அமெரிக்காவில் 1986லேயே வந்தாச்சு. சாதாரண ஆல்கஹால் ஜெல்லே வேலையை முடிக்கிறது. இன்சுலின் மாதிரி 5800 டால்டன் ஆசாமிக்குத்தான் வாகனம் தேவை. அவருக்கோ இன்னும் வழி திறந்தபாடில்லை.

எஸ்ட்ராசார்ப் கதை தெரியுமா? சோயா எண்ணெய் கலந்த எஸ்ட்ரடையால் லோஷன். அமெரிக்க எஃப்.டி.ஏ. 2003ல் அனுமதி கொடுத்தது. உருவாக்கியது நோவாவாக்ஸ், பின்னாளில் கோவிட் தடுப்பூசி (நம்மூரில் கோவோவாக்ஸ்) செய்த அதே கம்பெனி. முறையாகப் பரிசோதித்த அசல் சரக்கு. ஆனால் தினமும் ஒரு காலுக்கு ஒரு பாக்கெட் வீதம், தொடையிலும் கெண்டைக்காலிலும் தேய்க்க வேண்டும். குக்கர் விசிலடிக்கும் நேரத்தில் யாருக்கு முடியும்? சந்தையில் நிலைக்கவில்லை.

புதிதாக எது வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான். தினம் எத்தனை மில்லிகிராம் ரத்தத்தில் சேருகிறது, அதைப் பெண்களிடம் அளந்தீர்களா? எலித்தோலிலும் பன்றிக் காதிலும் அளந்ததோடு நின்றுபோன ஆராய்ச்சிகள்தான் அதிகம்.

நன்றாக உள்ளே போனாலும் இன்னொரு சிக்கல். ஆண்கள் பூசிய டெஸ்டோஸ்டிரோன் ஜெல், தொட்ட குழந்தைகள் மேல் ஒட்டி, அவர்களுக்கு வயதுக்கு மீறிய வளர்ச்சி வந்தது. 2009ல் எஃப்.டி.ஏ. கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது. தோலுக்கு என் தோல், பேரன் தோல் என்று பேதம் தெரியாது.

ஈஸ்ட்ரடையால் ஜெல் இந்தியாவிலும் கிடைக்கிறது. அம்மாவோ அக்காவோ ஹார்மோன் மாத்திரை எடுக்கிறார்களென்றால் ஜெல்லுக்கு மாறலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். கர்ப்பப்பை இருப்பவர்களுக்குக் கூடவே புரோஜெஸ்டிரோனும் வேண்டும், இல்லாவிட்டால் உட்சுவரில் புற்றுநோய் அபாயம் கூடும். அதையும் மறக்காமல் கேளுங்கள்.