கண்மாய் என்ன வாட்டர் சர்வீஸ் ஸ்டேஷனா?



தை, மாசியில் அறுப்பு முடிந்தால் கதிர் அறுக்கும் மிஷின் அடுத்த மாவட்டத்துக்குக் கிளம்பும். கிளம்புமுன் அதற்கு ஒரு குளியல். கல்குவாரி டிப்பருக்கும் பொக்லைனுக்கும் வருஷம் பூராவும் குளியல். எங்கே? நம்ம கம்மாயில்! கலிங்குப் பக்கம் தரை கெட்டியாக இருக்கும், வண்டி புதையாது, தண்ணீருக்குக் காசு கிடையாது. டீசலைத் தொட்டுத் தொட்டு பிரஷ்ஷால் தேய்க்கிறார்கள். கிரீஸ் இளகியதும் சோப்புத் தூளோ காஸ்டிக் சோடாவோ போட்டு, பிரஷர் பம்பால் பீய்ச்சி அடிக்கிறார்கள். வண்டி பளபளவென்று கரையேறிப் போய்விடுகிறது. தண்ணீர் மேல் நீலமும் மஞ்சளுமாக ஒரு படலம் மிதக்கிறது. மறுநாள் நம் மாடு அதைத்தான் குடிக்கிறது.

"வண்டி கழுவுறதெல்லாம் ஒரு பிரச்சினையா, வேற வேலை இல்லையா சங்கத்துக்கு?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பிரசுரம்.

சேறு கழுவினால் சேறு கண்மாய்க்குள் படியும், அதோடு சரி. எண்ணெய் அப்படியல்ல. 20 டன் பொக்லைன் ஒன்றில் ஹைட்ராலிக் ஆயில் மட்டுமே சுமார் 200 லிட்டர் ஓடுகிறது. அது ஓஸிலும் மூட்டுகளிலும் கசிந்து, தூசியோடு சேர்ந்து கருப்புப் பிசினாக ஒட்டிக்கொள்ளும். என்ஜின் ஆயில் ஓடி ஓடித் தேய்ந்தால் அதில் இரும்புத் துகளும் மற்ற உலோகத் துகளும் சேர்கின்றன. புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களும் எரிந்த எண்ணெயில் உருவாகின்றன. ஒரே ஒரு வண்டியில் மாற்றிக் கொட்டும் பழைய ஆயில் 10 லட்சம் காலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கெடுக்க முடியும் என்று அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் சொல்கிறது. கழுவும்போது அத்தனை ஆயிலும் இறங்கிவிடாதுதான். ஆனால் கோடையில் நம் கண்மாயில் நிற்கும் தண்ணீர் எவ்வளவு? முழங்கால் ஆழம். வண்டி உள்ளே இறங்க முடிவதே அப்போதுதான். தண்ணீர் குறைவான நேரத்தில்தான் விஷம் அதிகம் சேருகிறது.

மிதக்கும் படலம் தண்ணீருக்குள் காற்று இறங்க விடாது. சோப்பும் காஸ்டிக்கும் மீனின் செவுளை அரிக்கும். மடை வழியாக வயலுக்கு வந்தால் நாற்றின் தண்டில் தண்ணீர் மட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். மண்ணில் படிந்தால் அந்த இடம் தண்ணீரை வாங்காது, மேலேயே முத்து முத்தாக நிற்கும்.

இன்னொன்று, இதை நாம் அதிகம் யோசிப்பதில்லை. எண்ணெய் எல்லாமும் மிதப்பதில்லை. பாதி வண்டலில் ஒட்டி அடியில் படிந்துவிடும். 2017க்குப் பிறகு கண்மாய் வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு அனுமதி கொடுக்கிறது. உரம் வாங்க முடியாத சிறு விவசாயி அதைத்தானே வண்டி வண்டியாக அள்ளி வயலில் கொட்டுகிறார்? குவாரிக்காரர் வண்டியின் கிரீஸை நாமே வாடகை கொடுத்து நம் வயலுக்கு ஏற்றி வருகிறோம்!

சட்டம் இல்லையா? இருக்கிறது. நம் புதுக்கோட்டை மாவட்டம் உருவான அதே 1974ல்தான் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டமும் வந்தது. அதன் 24ஆவது பிரிவு, நீர்நிலையில் மாசுப் பொருளை விடக்கூடாது என்கிறது. ஆறு மட்டுமல்ல, இயற்கையானாலும் மனிதன் வெட்டியதானாலும் உள்நாட்டு நீர்நிலை எல்லாம் அதில் அடங்கும். கண்மாயும் அடங்கும், கிணறும் அடங்கும். கழிவுநீரை நீர்நிலையிலோ பாசன நிலத்திலோ விடும்போது லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் எண்ணெயும் கிரீஸும் இருக்கக்கூடாது என்பது மத்திய அரசின் விதி. பழைய ஆயிலும் ஆயில் கலந்த கசடும் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவு. அதை அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் கொடுக்க வேண்டும். கண்மாயில் கொட்ட எந்த அதிகாரியும் அனுமதி கொடுக்க முடியாது.

சரி, வண்டியைக் கழுவவே கூடாதா? அப்படிச் சொல்ல நாம் பைத்தியமா? கிரீஸும் மண்ணும் அப்பியிருந்தால் ஓஸ் வெடிப்பும் நட்டு கழன்றதும் கண்ணுக்குத் தெரியாது, என்ஜின் சூடேறும், தீயும் பிடிக்கும். கதிர் அறுக்கும் மிஷினைச் சுத்தம் செய்யாமல் விட்டால் அடுத்த ஊர்க் களை விதை நம் வயலில் முளைக்கும். கழுவத்தான் வேண்டும். கழுவுகிற இடம் எது என்பதுதான் கேள்வி.

அதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. சரிவாக ஒரு சிமெண்டுத் தளம், சுற்றி ஓரடி வரப்பு. தண்ணீர் முதலில் ஒரு மண் தொட்டியில் விழட்டும், சேறும் சரளையும் அங்கே தங்கிவிடும். பிறகு அறை அறையாகத் தடுத்த எண்ணெய்த் தொட்டி. எண்ணெய் லேசானது, மேலே மிதக்கும். ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குத் தண்ணீர் அடிப்பக்கமாகக் குழாய் வழியே போகட்டும். நம் கண்மாய் மடை அடியிலிருந்து தண்ணீர் எடுப்பது மாதிரிதான். மேலே நிற்கும் எண்ணெயை வாரம் ஒருமுறை வழித்து பேரலில் சேர்க்க வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சோப்பு அதிகமானால் எண்ணெய் பால் மாதிரி தண்ணீரோடு கலந்துவிடும், மிதக்காது, தொட்டி வீண். அதனால் முதலில் தகட்டால் சுரண்டி, உமியோ மரத்தூளோ போட்டுத் துடைத்து எடுத்துவிட வேண்டும். பாதி அழுக்கு தண்ணீர் படாமலே போய்விடும். அந்த உமியையும் வாய்க்காலில் கொட்டக் கூடாது, பேரலில் போடுங்கள்.

டிராக்டர் வைத்திருக்கும் நம் தோழர்களுக்கும் இது பொருந்தும். நம்ம டிராக்டரும் கம்மாய்க்குள் இறங்கக் கூடாது. குவாரிக்காரனுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம் என்று பேசினால் கலெக்டர் முன்னால் நம் வாய் அடைபடும். பிரஷர் பம்பு வாடகைக்கு எடுப்பவர்கள் கவனிக்க: லாரி டயரில் அடிக்கிற காற்று சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்குக் கொஞ்சம் கூட இருக்கும், இந்தப் பம்பில் வரும் தண்ணீர் 1,500 பவுண்டுக்கு மேல். பேரிங், ஆயில் சீல், ஒயரிங், ரேடியேட்டர் தகடு இவற்றின் மேல் நேராக அடித்தால் வண்டி கெடும். என்ஜின் சூடாக இருக்கும்போது அடிக்காதீர்கள். கழுவி முடித்ததும் மறக்காமல் கிரீஸ் அடியுங்கள். கையிலோ காலிலோ அந்தத் தண்ணீர் பட்டுச் சின்னத் துளை விழுந்தாலும் சும்மா விடாதீர்கள். மேலே கடுகளவு தெரியும், உள்ளே சதை கிழிந்திருக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

குவாரி, கிரஷர் முதலாளிகள் தங்கள் சொந்த இடத்தில், சொந்தச் செலவில் இந்தத் தளத்தைக் கட்ட வேண்டும். கல்லை விற்று வரும் லாபத்தில் இது ஒரு மூலைக்குக் காணாது. சிறு விவசாயி எங்கே போவான்? ஊராட்சிக்கு ஒரு பொதுத்தளம் வேண்டும். பணமில்லை என்று அதிகாரிகள் கையை விரிக்கக் கூடாது. 2015ல் கனிமச் சட்டத்தைத் திருத்தி மாவட்டக் கனிம அறக்கட்டளை என்ற நிதியை ஏற்படுத்தினார்கள். கனிமம் வெட்டுவதால் பாதிக்கப்படும் ஊர்களுக்கான பணம் அது. குடிநீரும் மாசுக் கட்டுப்பாடும் அதன் முன்னுரிமைப் பட்டியலிலேயே இருக்கின்றன. அது நம் ஊர்ப் பணம், கேட்டு வாங்குவோம்.

2017 பிப்ரவரியில் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நம் மாவட்டமே திரண்டது. அதே ஆண்டு ஜூன் 30ஆம் தேதி தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் குழாய் உடைந்து வயலில் எண்ணெய் கொட்டியபோது தமிழ்நாடே பதறியது. அது ஒரே நாளில் கொட்டியது, எல்லாரும் பார்த்தார்கள். இங்கே கால் லிட்டர், அரை லிட்டராகத் தினமும் கொட்டுகிறது, ஒருவரும் பார்ப்பதில்லை.

நம் சித்தன்னவாசல் அறிவர் கோயில் விதானத்தைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். சுமார் 1,100 வருஷத்துக்கு முன் அங்கே தீட்டியது ஒரு தாமரைக் குளம். மீன் இருக்கிறது, பறவை இருக்கிறது, யானையும் எருமையும் இறங்கி நிற்கின்றன, ஆட்கள் பூப்பறிக்கிறார்கள். அந்தக் குளத்தைத் தொல்லியல் துறை பூட்டுப் போட்டுக் காக்கிறது, நல்லது. கீழே ஊருக்குள் இருக்கும் நிஜக் குளத்துக்குக் காவல் யார்? நாம்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். வண்டி ஓட்டும் டிரைவரும் கிளீனரும் நமக்கு எதிரிகள் அல்ல. முதலாளி சொன்ன இடத்தில் கழுவுகிறார்கள். அந்த டீசலும் காஸ்டிக்கும் அவர்கள் கையைத்தான் முதலில் அரிக்கிறது. கரையில் அவர்களோடு கைகலப்பு வேண்டாம். வண்டி எண்ணைக் குறித்து, தேதி நேரத்தோடு செல்போனில் படம் எடுங்கள், போதும்.

2022 முதல் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்திலும் கிராம சபை நடக்கிறது. அந்தச் சபையில், எந்தக் கனரக வண்டியும் நீர்நிலைக்குள் கழுவக் கூடாது, குவாரிகள் சொந்தமாகக் கழுவும் தளம் கட்ட வேண்டும், கனிம நிதியில் ஊராட்சிக்குப் பொதுத்தளம் வேண்டும் என்று மூன்றையும் தீர்மானமாக எழுதி, வாசித்துக் காட்டச் சொல்லி, அதன்பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம். தீர்மான நகலோடு கலெக்டர் ஆபீசில் அடுத்து நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குச் சங்கத்தின் சார்பில் திரளாகப் போகிறோம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பொறியாளரையும் அங்கே வரச் சொல்லிக் கேட்டு மனு கொடுப்போம். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் அவரவர் கண்மாயில், வண்டி கழுவும் இடத்தில், ஒரு பாட்டில் தண்ணீர் மொண்டு, ஊர்ப்பெயரும் தேதியும் ஒட்டி எடுத்து வாருங்கள். பாட்டில்களைக் கலெக்டர் மேஜை மேல் வரிசையாக வைப்போம்.