அறியாமையா, இல்லாமையா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்

ஆந்த்ராக்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 2001ஆம் ஆண்டு அமெரிக்காவில் அஞ்சல் உறைகளில் அனுப்பப்பட்ட தூள்தான். 22 பேர் நோயுற்றனர். அவர்களுள் ஐவர் மாண்டனர். உலகமே நடுங்கிற்று. அதே நோய் ‘அடைப்பான்’ என்னும் பெயரில் நம் கிராமத்து ஆடுமாடுகளை நெடுங்காலமாகக் கொன்று வருவதையும், செத்த ஆட்டை அறுத்தவரின் கையில் கரும்புண்ணாகக் கிளம்புவதையும் நினைத்து நடுங்குவோர் எத்தனை பேர்? (தொண்டை அடைப்பான் என்பது வேறு நோய், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இந்நோய் பற்றிப் பேசும் கூட்டங்களில் எல்லாம் ஒரே பல்லவிதான். “மக்களின் அறியாமையே காரணம், செத்த ஆட்டை அறுக்கிறார்கள், தின்கிறார்கள்!” இதில் பாதிதான் உண்மை என்பது என் துணிபு.

முதலில் அந்தப் பாதியைப் பார்த்துவிடுவோம். பாசில்லஸ் ஆந்த்ராசிஸ் என்னும் பாக்டீரியாவே இந்நோய்க்குக் காரணம் என்று 1876இல் இராபர்ட் கோக் நிறுவினார். மேயும்போது மண்ணோடு சேர்ந்து ஆட்டின் வயிற்றுக்குள் போவது அதன் ஸ்போர். காலையில் துள்ளிய ஆடு மாலையில் செத்துக் கிடக்கும். வயிறு உப்பியிருக்கும், உடல் விறைக்காது, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் கசியும். இங்கேதான் இயற்கை நமக்கு ஒரு வாய்ப்பைத் தருகிறது. அந்த உடலைக் கிழிக்காமல் விட்டால், உள்ளேயுள்ள கிருமிகள் அழுகலில் சில நாட்களிலேயே பெரும்பாலும் மடிந்துவிடுகின்றன. கத்தி வைத்தாலோ, காற்று பட்டதும் அவை ஸ்போராக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கும். ஸ்காட்லாந்தின் குருனார்டு தீவில் 1942இல் போர்க்கால ஆய்வுக்காக இக்கிருமியைப் பரப்பினார்கள். அத்தீவு பாதுகாப்பானது என்று அறிவிக்க 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது! ஆக, ஓர் ஆட்டை அறுப்பது அந்த மேய்ச்சல் நிலத்தையே நம் பேரப்பிள்ளைகள் காலம் வரை கெடுப்பதாகும்.

மனிதருக்கு வருவது பெரும்பாலும் தோல் ஆந்த்ராக்ஸ். சிறு கொப்புளமாகத் தோன்றி, நடுவில் கரிபோல் கறுத்த பொருக்காக மாறும். வலி இராது, அதனாலேயே பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. தொடக்கத்திலேயே மருத்துவரிடம் போனால் பெனிசிலின் போன்ற மருந்துகளால் குணமாகும். விட்டுவிட்டால் ஐவரில் ஒருவர் வரை இறக்கக்கூடும். தின்றதால் குடலில் வருவது இன்னும் கொடியது. நன்றாக வேகவைத்துவிட்டால் ஆபத்தில்லை என்று வாதிடுவோர், அறுத்த கையை மறந்துவிடுகிறார்கள்.

இவற்றையெல்லாம் ஒரு விடுமுறையில் என் தாயாரிடம் விளக்கினேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். சொல்வதை அம்மா மிகுந்த மரியாதையோடு கேட்டார். மகளிர் குழுவில் கடன் வாங்கி ஆடு வளர்ப்பவர் அவர். கேட்டு முடித்துவிட்டு, “எல்லாஞ் சரி கண்ணு, குழி வெட்டிப் புதைச்சுப்புட்டா குழுக் கடனை எந்தக் குழியில இருந்து எடுத்துக் கட்டுறது?” என்றார். என் பாடநூலில் இக்கேள்விக்கு விடை இல்லை.

இது எங்கள் வீட்டுக் கேள்வி மட்டுமன்று. ஆப்பிரிக்காவில் ஜாம்பியா நாட்டின் சாமா மாவட்டத்தில் 2011இல் 85 நீர்யானைகள் மடிந்தன, அடுத்து 511 மனிதருக்கு நோய் கண்டது, ஐவர் இறந்தனர். பின்னர் ஆய்வாளர்கள் அவ்வூர்களில் 284 பேரைக் கேட்டபோது, செத்துக் கிடக்கும் நீர்யானையை இனியும் தின்போம் என்று நூற்றுக்கு 23 பேர் சொன்னார்கள். நோயைக் கண்ணால் கண்ட பின்பு சொன்ன பதில் இது! அவர்களில் பெரும்பாலோர் கூறிய காரணம் உணவுப் பற்றாக்குறை. இதற்கு அறியாமை என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

தடுப்பூசி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, இராணிப்பேட்டையிலேயே தயாராகிறது. நோய் கண்ட பகுதிகளில் ஆண்டுதோறும் தவறாமல் போட்டாக வேண்டும். ஆனால் ஊசி தப்பிய ஓர் ஆடு செத்து விழும் அந்த ஒரு நாளுக்கு ஊசி விடை சொல்லாது. அன்றைக்கு வேண்டியது பணம்.

காப்பீடு என்னாயிற்று என்று கேட்கலாம். ஏழைகளின் ஆடுகளில் காது வில்லை போட்டுக் காப்பீடு செய்தவை எத்தனை? செய்திருந்தாலும் இழப்பீடு கோரும்போது பிரேதப் பரிசோதனைச் சான்று கேட்பது வழக்கம். அடைப்பான் என்று ஐயம் வந்தாலே உடலை அறுக்கக் கூடாது என்கிறது மருத்துவம். அறுத்துப் பார்த்த சான்று எங்கே என்கிறது படிவம். உண்மையில், காது நரம்பிலிருந்து எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயமேற்றினால், நீலக் கோல்களும் அவற்றைச் சூழ்ந்த இளஞ்சிவப்பு உறையும் நுண்ணோக்கியில் தெரிந்துவிடும். நம் ஆய்வகத்தில் உள்ளது போன்ற நுண்ணோக்கியே இதற்குப் போதும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஐயத்திற்குரிய ஆட்டை அறுக்காமல் தகவல் சொல்பவருக்கு, காப்பீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தக் காதுச் சொட்டு அறிக்கையையே சான்றாகக் கொண்டு அரசு இழப்பீடு தரவேண்டும். எரிக்கும் செலவும், ஆழக் குழி தோண்டும் செலவும் ஊராட்சியைச் சேரட்டும். பொய்க் கணக்கு எழுதுவார்கள் என்பர் சிலர். நுண்ணோக்கியில் தெரிவதை ஆட்டுக்காரர் எப்படி மாற்றி எழுதுவார்? எனக்குள்ள அச்சம் வேறு. பணம் மூன்று மாதம் கழித்து வருமானால் திட்டம் முதல் ஆண்டிலேயே செத்துவிடும். இறைச்சி ஒரு நாள் தாங்காது. தோல் வாங்குகிறவர் அன்று மாலையே காசோடு வந்து நிற்கிறார்.