குளிரில் மிதிப்பவர்களும் முன்பண வாடகையும்

வீடற்றவர்களுக்காக நடுக்குளிரில் நெடுந்தூரம் சைக்கிள் மிதித்து நிதி திரட்டுகிறவர்கள் கனடாவில் உண்டு. அந்த நாட்டுக்கு இந்த வகை அறம் புதிதல்ல. 2011 முதல் பிப்ரவரிக் குளிரில் பல நகரங்களில் ஒரே மாலையில் நிதி நடை நடக்கிறது. இளமையில் வான்கூவர் தெருக்களில் கிடந்து மீண்ட ஜோ ராபர்ட்ஸ், 2016-17இல் கடைத் தள்ளுவண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டே கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை நடந்தார். இதையெல்லாம் விளம்பரம் என்று ஒதுக்குவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பயணம் நடக்கட்டும். ஆனால் அதில் சேரும் பணம் போர்வைக்கும் கம்பளிக் காலுறைக்கும் போவதைவிட வாடகைக்குப் போனால்தான் மிதித்ததற்குப் பலன் உண்டு.

குளிர் எப்படிக் கொல்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். 2004 முதல் 2015 வரை டொரன்டோவில் வீடற்றோருக்கு உடல்வெப்பம் குறைந்து நேர்ந்த 79 பாதிப்புகளையும் 18 மரணங்களையும் ஆய்வாளர்கள் அலசினார்கள். அவற்றில் 72 சதவீதம், குறைந்தபட்ச வெப்பநிலை மைனஸ் 15 டிகிரிக்குக் கீழே போகாத நாட்களில் நேர்ந்தவை. மாநகராட்சி குளிர் எச்சரிக்கை விடுவதற்கு அப்போது வைத்திருந்த எல்லையே மைனஸ் 15தான்! குளிர் ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது, அது உண்மை. ஆனால் கடுங்குளிர் நாட்கள் சில. ஈரமும் ஊதலுமான சாதாரணக் குளிர்நாட்கள் பல. மழையோ பனியோ ஒவ்வொரு மில்லிமீட்டர் கூடும்போதும் ஆபத்து சுமார் 10 சதவீதம் கூடியதாகவும் அதே ஆய்வு சொல்கிறது. குளிர்கால சைக்கிள்காரருக்கு இது புரியும். அவர் பயப்படுவது குளிருக்கு மட்டுமல்ல, தன் வியர்வைக்கும்தான். ஏற்றத்தில் ஓர் அடுக்கைக் கழற்றி, இறக்கத்தில் மாட்டிக்கொண்டு, மாலையில் ஏதோ ஒரு விடுதி அறையில் ஹீட்டர் அருகே எல்லாவற்றையும் உலர்த்தினால்தான் மறுநாள் அவரால் கிளம்ப முடியும். அவரைக் காப்பது மேலங்கி மட்டுமல்ல, அந்த அறையும்தான். தெருவில் இருப்பவருக்கு மேலங்கியை மட்டும் கொடுத்தால், அது நனைந்த பிறகு என்ன செய்வார்?

அந்த அறையை முதலிலேயே கொடுத்துப் பார்த்த சோதனையும் கனடாவில்தான் நடந்தது. 2009 முதல் 2013 வரை, மத்திய அரசின் 11 கோடி டாலரில், வான்கூவர், வின்னிபெக், டொரன்டோ, மான்ட்ரியல், மாங்டன் ஆகிய ஐந்து நகரங்களில், மனநலச் சிக்கலோடு தெருவில் இருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து நடத்தினார்கள். குலுக்கல் முறையில் ஒரு பிரிவினருக்கு, குடியை விட்டுவிட்டு வா என்ற நிபந்தனை ஏதுமின்றி, வாடகை உதவியும் பக்கபலமாக ஊழியர்களும் கிடைத்தனர். மற்றப் பிரிவினருக்கு வழக்கமான சேவைகள் மட்டும். கடைசி ஆறு மாதங்களில் முதல் பிரிவில் 62 சதவீதம் பேர் முழுக் காலமும் வீட்டில் இருந்தார்கள். மற்றதில் 31 சதவீதம். இதனால் அரசுக்குப் பணம் மிச்சமாகும் என்று சிலர் உறுதியளிப்பதை அப்படியே நம்ப வேண்டாம். போட்டதைவிட அதிகம் மிச்சமானது, அதிகச் செலவு வைத்த பத்து சதவீதத்தினர் விஷயத்தில் மட்டுமே. மற்றவர்களுக்கு ஆனது செலவுதான். செய்யத்தக்க செலவு.

இன்றிரவு நடுங்குகிறவரிடம் வாடகைக் கணக்கு பேசலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இரவுக் காப்பகம் வேண்டும். ஆனால் அதை ஆண்டு முழுவதும் நடத்துவது அரசின் கடமை, நன்கொடையால் அதைத் தாங்க முடியாது. ஒரு பயணத்தில் ஒருமுறை சேரும் தொகைக்குப் பொருத்தமான வேலை வேறொன்று இருக்கிறது. ஒன்டாரியோ மாகாணத்தில் வீடு பிடிக்கிறவரிடம் முதல் மாத வாடகையோடு கடைசி மாத வாடகையையும் முன்கூட்டியே கேட்பது வழக்கம். வேலை கிடைத்த பிறகும் பலர் தடுக்கி விழும் இடம் அது. கையில் காசு கொடுத்தால் குடித்துத் தீர்ப்பார்கள் என்ற சந்தேகத்துக்கும் வான்கூவரில் பதில் இருக்கிறது. அங்கே வீடற்ற 50 பேருக்கு ஒரே தவணையில் 7,500 டாலர் கொடுத்துப் பார்த்தார்கள். பணம் பெறாதவர்களோடு ஒப்பிட்டால், அவர்கள் ஓராண்டில் வீடின்றிக் கழித்த நாட்கள் 99 குறைந்தன. மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் செய்த செலவு கூடவில்லை. கடும் போதைப் பழக்கம் உள்ளவர்களை அந்தச் சோதனையில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குப் பணம் மட்டும் போதாது, ஐந்து நகரச் சோதனையில் வந்ததுபோல் ஊழியர்களும் கூட வேண்டும்.

நன்கொடையாளர்கள் கண்ணால் காணக்கூடிய பொருளுக்குத்தான் கொடுப்பார்கள் என்ற வாதத்தை டெர்ரி ஃபாக்ஸ் 1980லேயே முறியடித்துவிட்டார். புற்றுநோயால் ஒரு காலை இழந்த அந்த இளைஞர் செயற்கைக்காலோடு 5,373 கிலோமீட்டர் ஓடினார். அவர் கேட்டது நோயாளிகளின் படுக்கைக்குத் தலையணை அல்ல, ஆராய்ச்சிக்குப் பணம். 1981 பிப்ரவரிக்குள் 2.4 கோடி டாலர் சேர்ந்தது.

வாடகை கொடுக்கப் பணம் இருந்தாலும் குடியேற வீடு இருக்கிறதா என்பதுதான் எல்லாவற்றிலும் கடினமான ஆட்சேபம். இருப்பது போதாது. புதிய சமூக வீட்டுவசதிக்குத் தரும் நிதியை மத்திய அரசு 1993இல் நிறுத்தியது. அந்தப் பள்ளம் எந்தச் சைக்கிள் பயணத்தாலும் நிரம்பாது. 2019இல் அதே நாடு, தகுந்த வீடு மனித உரிமை என்று சட்டத்தில் எழுதிவைத்தது. அந்தச் சட்டம் வந்த பிறகு இந்த ஊரில் குறைந்த வாடகைக்கு எத்தனை வீடுகள் எழும்பின என்று, வரவேற்க வந்த மேயரை அருகில் வைத்துக்கொண்டே பத்திரிகையாளர்கள் முன்னால் கேட்கும் வாய்ப்பு, மனு எழுதுகிறவருக்கு வாய்க்காது. பனியில் மிதித்து ஊர் எல்லைக்கு வந்து இறங்குகிறவருக்கு வாய்க்கிறது.