தூரெடுக்கும் கிணறும் அதனுள் நிற்கும் காற்றும்

ஆண்டுதோறும் கோடையில் நீர் வற்றிய கிணறுகளைத் தூரெடுக்கும் வேலை நம் கிராமங்களில் நடைபெறுவது யாவரும் அறிந்ததே. கிணற்றுள் இறங்கியவன் கூவவும் மாட்டாமல் விழுந்து மாண்டான் என்னும் செய்தியும், அவனைத் தூக்கச் சென்ற தம்பியோ மகனோ உடன் மாண்டான் என்னும் செய்தியும் அக்காலத்திலேயே நம் செவிக்கு எட்டுகின்றன. முன்னாளில் ஊரார் இதனை முனியின் சேஷ்டை என்பர். இந்நாளில் "விஷவாயு தாக்கிற்று" என்று கூறி அமைகின்றனர். இவ்விரண்டு கூற்றுக்களும் பயனில் ஒன்றே என்பது எமது அபிப்பிராயம். இரண்டிலும் குற்றம் மனிதருக்கு எட்டாத ஓரிடத்தில் வைக்கப்படுகிறது.

நாம் சுவாசிக்கும் காற்றில், நீராவியை நீக்கிப் பார்த்தால், நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜனும் 21 பங்கு பிராணவாயுவும் உள. எஞ்சியதில் பெரும்பகுதி ஆர்கான். கரியமிலவாயு பதினாயிரத்தில் நான்கு பங்குக்குச் சற்று மேல். அது காற்றினும் ஒன்றரை மடங்கு கனமுடையது. அங்ஙனமாயின் அது தரையிற் படிந்து நம்மை மூடிவிடாதது ஏன் என்று வினவலாம். வாயுக்கள் ஒன்றோடொன்று தாமே கலந்து பரவும் இயல்புடையன. அதனினும் விரைவாகக் காற்றோட்டம் அவற்றைக் கலக்குகிறது. கிணற்றின் அடியிலோ காற்றோட்டம் இல்லை. தானே பரவுதல் மிக மெதுவான செயலாதலின், ஐம்பதடி ஆழத்தில் நிற்கும் வாயு அவ்வழியில் வெளியேறப் பல வாரங்கள் செல்லும்.

இவ்வாயு மேலிருந்து விழுந்ததன்று. பயிரின் வேர்களும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் பிராணவாயுவை உட்கொண்டு கரியமிலவாயுவை விடுவதால், மண்ணிடைக் காற்றில் அது வெளிக்காற்றினும் பன்மடங்கு மிகுந்திருக்கிறது. அக்காற்று சுவரின் வெடிப்புகள் வழியே கிணற்றுள் கசிகிறது. வளிமண்டல அழுத்தம் குறையும் நாட்களில், அதாவது மழை திரண்டுவரும் வேளையில், கசிவு அதிகமாகும். ஆகையால் நேற்று இறங்கி ஏறிய கிணறு இன்றும் அவ்வாறே இருக்குமென்பது நிச்சயமன்று.

கனமான வாயு நீரைப்போல் பள்ளம் நாடி ஓடும் என்பதற்கு, ஆப்பிரிக்காவிலுள்ள காமரூன் நாட்டில் 1986 ஆகஸ்டு 21 இரவு நிகழ்ந்ததைக் கூறலாம். நியோஸ் என்னும் ஏரியின் அடியில் கரைந்திருந்த கரியமிலவாயு திடீரெனப் பொங்கி, பள்ளத்தாக்குகளின் வழியே இறங்கி, சுமார் 1,700 மக்களையும் ஆயிரக்கணக்கான கால்நடைகளையும் கொன்றது. அங்கே முழுப் பள்ளத்தாக்கிலும் நடந்தது, இங்கே பத்தடி அகலமுள்ள கிணற்றில் நடக்கிறது.

விளக்கைக் கயிற்றிற் கட்டி இறக்கிச் சோதிக்கும் பழைய முறையைப் பலர் போற்றுகின்றனர். பிராணவாயு நூற்றுக்குப் பதினாறு பங்களவில் குறையும்போது சுடர் அணையும். மனிதன் மூர்ச்சிப்பது அதற்கும் கீழே. எனவே அது ஒரு காலத்துக்கு நல்ல எச்சரிக்கையே. ஆயினும் அழுகிய குப்பையிற் பிறக்கும் கந்தக நீரகவாயு கொல்லும் அளவில் இருந்தபோதிலும் விளக்கு எரியும். மீதேன் வாயு இருப்பின் அவ்விளக்கே தீ வைத்துவிடும். காற்றின் பங்குகளை அளந்து காட்டும் சிறு கருவிகள் கையடக்கமாகக் கிடைக்கும் இக்காலத்தில், விளக்கை விட்டுவிடுவதே நன்று.

எண்ணெய் எஞ்சின் பற்றியும் ஒரு வார்த்தை. வளிமண்டல அழுத்தம் நீரைச் சுமார் 10 மீட்டர் உயரத்துக்கு மேல் ஏற்றவொண்ணாது. நடைமுறையில் 7 மீட்டரே அடங்கும். இதனாலேயே ஆழ்கிணறுகளில் எஞ்சினை உள்ளே இறக்கி வைக்கின்றனர். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. பிராணவாயுவினும் இருநூறு மடங்குக்கு மேல் இரத்தத்தைப் பற்றவல்லது. நீருள் மூழ்கி இயங்கும் மின்மோட்டார்கள் வந்துள்ள நாளில், உள்ளே எஞ்சினை ஓட்டி ஆளையும் இறக்குவது மன்னிக்கத்தக்க அறியாமை அன்று.

இறங்குவோன் பெரும்பாலும் கூலியாள். இறக்குவோர் நிலமுடைய நாம். ஆகவே இறக்குமுன் காற்றை அளப்பதும், மின்விசிறியிற் பெரிய குழாயைப் பூட்டி அடிவரை நற்காற்றை வேலை முடியும்வரை செலுத்துவதும் நம் பொறுப்பு. மார்பையும் தொடையையும் பிணைக்கும் வார்க்கச்சையில் கயிறு பூட்டி, அதன் மறுமுனையை மேலே கப்பியில் ஆட்கள் பிடித்திருக்க வேண்டும். அவ்வாறிருப்பின் மூர்ச்சித்தவனை இழுத்தெடுக்கலாம். தம்பி இறங்க வேண்டுவதில்லை.

ஒவ்வொரு நிலக்காரரும் தனித்தனியே இவற்றை வாங்குவது எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். பஞ்சாயத்து ஒரு கருவியும் ஒரு விசிறியும் ஒரு கச்சையும் வாங்கி வைத்து, தூரெடுப்போருக்கு இரவல் கொடுக்கலாம். கிராம அதிகாரிகள் கோடை பிறக்குமுன் தம் எல்லையிலுள்ள பாழ்ங்கிணறுகளைக் கணக்கெடுத்து இதற்கு முயல்வார்களாக.