ஹால் டிக்கெட்டை நிறுத்துவது தீர்வாகாது

பொதுத்தேர்வு நெருங்கும்போது மேல்நிலைப் பள்ளிகளில் ஒரு பட்டியல் தயாராகும். வருகை 75 விழுக்காட்டுக்குக் கீழே போன மாணவர்களின் பட்டியல் அது. சி.பி.எஸ்.இ. பள்ளிகள் ஜனவரி 1ஆம் தேதி நிலவரப்படி கணக்கெடுத்து, விலக்குக் கோரும் விண்ணப்பங்களை மண்டல அலுவலகத்துக்கு அனுப்புகின்றன. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளிலும் தேர்வெழுதுவோர் பெயர்களைச் சரிபார்க்கும் வேளையில் இதே பிரச்சினை தலைமை ஆசிரியரின் மேசைக்கு வருகிறது. இந்தப் பிள்ளையைத் தேர்வெழுத விடலாமா, கூடாதா? இந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்று ஜூனிலும் ஜூலையிலும் விசாரித்திருந்தால், ஜனவரியில் இப்படி ஒரு தீர்ப்பு எழுத வேண்டிய அவசியமே பெரும்பாலும் வந்திருக்காது.

வருகை விதியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆண்டுக்கு 220 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால், 75 விழுக்காடு என்பது 55 நாள் வராமல் இருக்க இடம் கொடுக்கும் விதி. அது கடுமையான விதி என்று யாரும் சொல்ல முடியாது. அந்த வரம்பைத் தாண்டியவர்களில் யாரை மன்னிக்கிறோம், யாரைத் தண்டிக்கிறோம் என்பதில்தான் அநீதி இருக்கிறது.

சி.பி.எஸ்.இ. விதிகள் ஏற்கும் காரணங்களைப் பாருங்கள். நீண்ட நாள் நோய், தாய் அல்லது தந்தையின் மறைவு, விளையாட்டுப் போட்டிகளில் பங்கேற்பு, இவற்றுக்கு ஈடான கடுமையான காரணம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் வேண்டும். மருத்துவச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், விளையாட்டு அமைப்பின் சான்றிதழ். காகிதம் இருந்தால் விலக்குக் கிடைக்கும். தருமபுரிப் பக்கத்திலிருந்து பெற்றோர் கட்டட வேலைக்காக பெங்களூரு போய்விட, வீட்டில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு எந்த அலுவலகம் சான்றிதழ் தரும்? முகூர்த்த நாளில் கேட்டரிங் வேலைக்குப் போய்ப் பந்தி பரிமாறி, விடியற்காலையில் வீடு திரும்பும் பிளஸ் 1 மாணவன் எந்தக் காகிதத்தைக் கொண்டுவருவான்? கழிப்பறையில் தண்ணீர் வராத பள்ளியில் மாதத்தில் மூன்று நாள் வீட்டிலேயே இருந்துவிடும் மாணவி, தலைமை ஆசிரியருக்கு என்னவென்று கடிதம் எழுதுவாள்?

மூவருமே காய்ச்சல் என்றுதான் எழுதுவார்கள். விடுப்பு விண்ணப்பத்தை அப்படித்தானே வகுப்பறையில் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். உண்மையைச் சொன்னால் ஏச்சும், பொய் சொன்னால் அனுமதியும் கிடைக்கும் இடத்தில் பிள்ளைகள் பொய்யைத்தான் கற்றுக்கொள்வார்கள். பள்ளியின் பதிவேட்டிலும் அந்தப் பொய்யே ஏறுகிறது. அதை வைத்துக்கொண்டு எந்த அரசும் சரியான திட்டம் தீட்ட முடியாது.

இந்தப் பிள்ளைகளின் வயதையும் கவனிக்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு 14 வயதோடு முடிகிறது. 2016ஆம் ஆண்டு திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்கு மேற்பட்டவர்களை ஆபத்தான தொழில்களில் மட்டுமே தடுக்கிறது. மற்ற வேலைகளுக்கு அவர்கள் போகலாம். பள்ளியில் இருத்தி வைக்கும் சட்டம் கையை விடும் அதே வயதில், வேலைக்கு அழைக்கும் கதவு சட்டப்படியே திறக்கிறது. தமிழ்நாட்டில் சத்துணவும் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கானது. பிளஸ் 1 சேரும் பிள்ளைக்கு அரசு சைக்கிள் தருகிறது, பேருந்து அட்டை தருகிறது, மதியச் சோறு மட்டும் தருவதில்லை. பசியோடு அன்றாடம் மாலை வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைவிட நாளுக்குச் சில நூறு ரூபாய் சம்பாதிப்பது மேல் என்று பதினாறு வயதில் ஒருவனுக்குத் தோன்றினால், அவனை ஒழுக்கக்கேடன் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

விதியைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2023ஆம் ஆண்டைச் சுட்டிக்காட்டுவோர் உண்டு. அந்த ஆண்டு மார்ச் 13 அன்று நடந்த பிளஸ் 2 தமிழ்த் தேர்வுக்குச் சுமார் 50 ஆயிரம் பேர் வரவில்லை. பள்ளிக்கே வராதவர்களுக்கு ஹால் டிக்கெட் கொடுத்ததால் வந்த வினை என்றார்கள். அந்த மாணவர்கள் கொரோனா காலத்தில், 2021இல், பத்தாம் வகுப்புத் தேர்வு நடத்தப்படாமலேயே தேர்ச்சி பெற்ற அணியினர் என்பதை மறக்கக் கூடாது. அவர்களில் பலர் தேர்வுக்கு வெகு முன்பே பள்ளியை விட்டு விலகியிருந்தார்கள். பெயர் மட்டும் பதிவேட்டில் இருந்தது. ஹால் டிக்கெட்டை மறுத்திருந்தால் அவர்கள் வகுப்பறைக்குத் திரும்பியிருக்க மாட்டார்கள்; செய்தித்தாளில் அந்த எண்ணிக்கை வராமல் போயிருக்கும், அவ்வளவுதான். அவர்கள் விலகிய மாதத்தில் யாரும் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. அங்கேதான் தோற்றோம்.

கண்டிப்பு காட்ட வேண்டிய இடம் வேறு. மருத்துவ, பொறியியல் நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையத்தில் நாள் முழுவதும் இருந்துகொண்டு, பள்ளியில் பெயரை மட்டும் வைத்திருக்கும் மாணவர்களை நாடு முழுவதும் பார்க்கிறோம். 'டம்மி பள்ளி' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. வராதவருக்கு வந்ததாகக் குறித்து, கட்டணமும் வாங்கிக்கொள்கின்றன இந்தப் பள்ளிகள். 2024 நவம்பரில் டெல்லியிலும் ராஜஸ்தானிலும் இத்தகைய 21 பள்ளிகளின் இணைப்பை சி.பி.எஸ்.இ. ரத்து செய்தது. நல்ல நடவடிக்கை. ஆனால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளையின் இல்லாத வருகை பதிவேட்டில் நிறைவதும், கூலி வேலைக்குப் போன பிள்ளையின் பெயர் பற்றாக்குறைப் பட்டியலில் ஏறுவதும் ஒரே நாட்டில், ஒரே விதியின் கீழ் நடக்கின்றன என்பது வெட்கக்கேடு.

காரணப் பட்டியலை விரிவாக்கினால் பள்ளி கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மாணவர்களே முன்னின்று கேட்டதால், 2019 முதல் மனநலக் காரணமும் உடல்நோய் போலவே ஏற்கப்படுகிறது. இல்லினாய் மாநிலம் 2022 முதல் மருத்துவச் சான்றிதழ் இல்லாமலேயே ஆண்டுக்கு ஐந்து நாள் மனநல விடுப்பு தருகிறது.

இங்கே ஆசிரியர்கள் இப்போதே கைப்பேசிச் செயலியில் வருகையைப் பதிகிறார்கள். அதில் வராததன் உண்மையான காரணத்தையும் பதிய இடம் வேண்டும்: வேலை, வீட்டுப் பொறுப்பு, மாதவிடாய், மனச்சோர்வு என்று. எதைச் சொன்னாலும் தண்டனை இல்லை என்ற உறுதி முதலில் வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து வராவிட்டால் வகுப்பாசிரியர் வீட்டுக்குப் பேச வேண்டும். இதைச் சொல்லும்போதே, அவர்கள் தலையில் ஏற்கெனவே ஏற்றியிருக்கும் புள்ளிவிவரப் பணிகளில் பாதியையாவது அரசு இறக்கி வைக்க வேண்டும் என்றும் சொல்கிறோம். விலக்குத் தரும் அதிகாரத்தைத் தலைமை ஆசிரியருக்கும், பெற்றோரே பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் கொடுக்கலாம். எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்பது ஊருக்குள் இருப்பவர்களுக்குத் தெரியும். மாணவிகளின் அந்தரங்கமான காரணங்கள் மட்டும் ஓர் ஆசிரியையோடு நிற்க வேண்டும். குழுவின் பேச்சுக்கு அவை வரக் கூடாது. தவறிய பாடங்களுக்கு மாலையிலோ சனிக்கிழமையிலோ வகுப்பு வையுங்கள். அதற்கு வந்த நாளையும் வருகையாகக் கணக்கில் சேருங்கள்.

பிளஸ் 1, பிளஸ் 2 மாணவர்களுக்கும் சத்துணவை நீட்டிக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசை வலியுறுத்துகிறோம். தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த ஆண்டுப் பற்றாக்குறைப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் ஆசிரியர் ஒருவர் போய் வரும்வரை எந்த ஹால் டிக்கெட்டையும் நிறுத்தி வைக்காதீர்கள்.